தண்ணிக் கருங்காலியின் பழம்

என் பெயரை ஒரு மரத்துக்கு வைத்திருக்கிறார்கள். சிரிக்க வேண்டாம், உண்மை. ஊரில் என் பெயரை ஒரு நாய்க்குட்டிக்குக்கூட வைக்க மாட்டார்கள். அவ்வளவு முன்கோபக்காரன் நான். ஆனாலும் தாவரவியல்காரரின் பட்டியலில் கருங்காலிச் சாதியைத் திறந்தால் அதற்குள் ‘யோகநாதனீ’ என்று ஓர் இனம் கிடக்கும். அந்த யோகநாதன் நான்தான். முதல் மூன்று வருடம் காண்கிறவர்களுக்கெல்லாம் சொல்லித் திரிந்தேன். பிறகு வாயை மூடிக்கொண்டேன். இப்போது எழுதுவது பெருமைக்காக இல்லை. கச்சு முகம்மது என்ற மனிதரைப் பற்றி எழுத வேண்டும். அவரைப் பற்றி எழுதினால் என் வெட்கக்கேடும் கூடவே வரும். வரட்டும்.

1956ஆம் ஆண்டு, கனகராயன்குளத்துக்குக் கிழக்கே காட்டை வெட்டிக் குடியேற்றம் அமைக்கப் போகிறார்கள் என்று கதை அடிபட்டது. வெட்டுவதற்கு முன் அங்கே என்னென்ன மரம் நிற்கிறது என்று எழுதி வைக்க வேண்டுமென்று டொக்டர் தில்லைநாதன் என்ற தாவரவியலாளர் மேலிடத்தோடு மல்லுக்கட்டி ஒரு சிறு குழுவை அனுப்பினார். அதில் நான் உதவியாளன். வடமராட்சியிலிருந்து போன இருபத்தாறு வயதுப் பெடியன், விஞ்ஞானம் படித்த திமிர் வேறு. பூவும் காயும் உள்ள கொப்புகளை எடுத்து, பழைய பேப்பருக்குள் விரித்து, இரண்டு பலகைகளுக்கு நடுவே கயிறு போட்டு இறுக்கிக் காயவைத்து, எங்கே எடுத்தது, எப்போது எடுத்தது என்று துண்டு எழுதி அனுப்புவது என் வேலை. மரத்தில் ஏறுகிற வேலை கச்சு முகம்மதுவுக்கு.

அவருக்கு அப்போது முப்பத்தெட்டு வயது இருக்கும். வவுனியாவுக்கு மேற்கே ஒரு சிறிய முஸ்லிம் கிராமத்தில் பிறந்தவர். தகப்பன் மரம் அரிகிறவர். பாலை மரமொன்று சரிந்த பக்கம் தெரியாமல் நின்று செத்துப் போனவர். அந்தத் தகப்பனின் கோடரியைத்தான் மகனும் எடுத்தார். இருபது வருடம் கொந்தராத்துக்காரருக்கு மரம் வெட்டினார். முகாமில் சமையல்காரன் முதல் சாரதி வரை எல்லாரும் அவரை அண்ணன் முறை வைத்து ‘நானா’ என்றார்கள். நான் மட்டும் ‘முகம்மது’ என்றேன். ‘நீ’ என்றேன். பன்னிரண்டு வயது மூத்தவரை! அதை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

மரத்தை அவர் இனங்காண்கிற விதம் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. இலையைப் பார்க்க மாட்டார். கோடரியின் பின்பக்கத்தால் ஒரு தட்டு, காதைக் கொடுத்துக் கேட்பார். பிறகு பட்டையில் உள்ளங்கையளவு சீவுவார். உள்ளே என்ன நிறம், பால் வருகிறதா, என்ன மணம் என்று பார்த்து, கொஞ்சம் நாக்கிலும் வைத்துக்கொள்வார். “இது முதிரை. இது பாலை. இது ஒண்டுக்கும் உதவாது” என்று முடிந்துவிடும்.

“உப்பிடி இல்லை முகம்மது. விஞ்ஞானத்தில பூவைத்தான் பாக்கிறது. இதழ் எத்தனை, மகரந்தக் கேசரம் எத்தனை, காய்க்குள்ளை விதை எப்பிடி. அதை வைச்சுத்தான் இது என்ன குடும்பம், என்ன சாதி, என்ன இனம் எண்டு பிரிக்கிறது” என்றேன் ஒருநாள்.

“மரத்துக்கும் சாதி பாக்கிறீங்களோ ஐயா? மனிசருக்குப் பாத்தது காணாதோ?” என்று கேட்டுவிட்டு வெற்றிலைக் காவியோடு சிரித்தார்.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் கேள்வி கேட்கிற ஆளுக்குப் பதில் சொல்லாமலும் இருக்க முடியாது. பெயருக்கு இரண்டு சொல், முதலாவது சாதிக்கு, இரண்டாவது இனத்துக்கு என்று சொன்னேன். உலகத்தில் எந்த மூலையிலும் அந்த மரத்துக்கு அதே பெயர்தான். புதிய இனத்துக்குப் பெயர் வைத்தால், காயவைத்த ஒரு கொப்பைத் தடித்த தாளில் ஒட்டி வைப்பார்கள். அந்தத் தாள்தான் பெயருக்கு ஆதாரம்.

“காணிக்கு உறுதி மாதிரியோ?”

“ஓம், உறுதி மாதிரித்தான். பிறகு வாற ஆள் பிழை கண்டாலும் அதைக் கிழிக்கேலாது. தன்ர கருத்தை ஒரு சின்னத் துண்டில எழுதிப் பக்கத்தில ஒட்டலாம். பழைய துண்டை ஒருத்தரும் கழற்றக்கூடாது. அது சட்டம்.”

“அப்ப ஒருக்காப் பேர் ஏறினால் ஏறினதுதான்” என்றார். அந்தத் தாள் விசயம் அவருக்கு மிகவும் பிடித்துப்போய்விட்டது. அன்றிலிருந்து பேப்பருக்குள் கொப்பு விரிக்கும்போது தானும் வந்து குந்திக்கொள்வார். ஓர் இலை மடிந்திருந்தாலும் விடமாட்டார். “மரத்தின்ட உறுதியெல்லோ ஐயா, வடிவாய்க் கிடக்கோணும்” என்பார். எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனால் என்னைவிட அழகாகத் தாவரம் காயவைக்க ஆறு மாதத்தில் பழகிவிட்டார்.

அவருக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. எங்கள் பகுதியில் நிரந்தரக் காட்டுக் காவலாளர் வேலை ஒன்று வரவிருந்தது. கோடரியை வைத்துவிட்டு அந்த வேலைக்குப் போக வேண்டும். மனைவி கைருன்னிஸாவின் தொல்லை அது. மாமனாரை மரம் தின்றது போதும், புருசனையும் தின்னக்கூடாது என்று அவ ஒவ்வொரு முறையும் சொல்லித்தான் அனுப்புவாவாம். டொக்டரும் ஒருமுறை வந்து அவர் வேலையைப் பார்த்துவிட்டு, “இந்த ஆளை விடக்கூடாது, நான் எழுதுகிறேன்” என்று என்னிடம் சொன்னார். நான் அதை அவரிடம் சொன்னேன். அந்தக் கிழமை முழுக்க மனிதர் பாட்டுப் படித்துக்கொண்டு மரம் ஏறினார்.

1957 வைகாசியில் ஒரு மரம் அகப்பட்டது. முகம்மது அதைத் ‘தண்ணிக் கருங்காலி’ என்றார். பட்டையைச் சீவினால் உள்ளே ஈரம் பொசியும். முதலில் மஞ்சளாக இருக்கும். ஒரு வாய் வெற்றிலை மென்று முடிக்குமுன் மை போலக் கறுத்துவிடும். பூவை அனுப்பினேன். டொக்டரிடமிருந்து உடனே கடிதம் வந்தது. இது புதிய இனமாக இருக்க வேண்டும், ஆனால் வந்தது ஆண்பூ மட்டும். கருங்காலிச் சாதியில் பல மரங்களுக்கு ஆண்மரம் வேறு, பெண்மரம் வேறு. பெண்மரத்தின் காயும் வேண்டும். புரட்டாதி முடிய முன் கிடைத்தால் கட்டுரை அச்சுக்குப் போகும், எடுத்தவர் பெயரையே இனத்துக்கு வைக்கலாம் என்று கடைசி வரியில் எழுதியிருந்தார். அந்தக் கடைசி வரியை நான் எத்தனை தரம் வாசித்தேன் என்று கேளாதீர்கள்.

பெண்மரம் அகப்படவில்லை. நாட்கள் ஓடின. புரட்டாதி நடுப்பகுதியில், அந்த ஆண்மரத்துக்கு ஐம்பது பாகம் தூரம் தள்ளி ஒரு மரத்தைக் கண்டேன். அதே போன்ற இலை, அதே போன்ற கறுத்த பட்டை, கொப்பு நிறையக் காய். “முகம்மது, ஏறு!” என்று கத்தினேன்.

அவர் ஏறவில்லை. தட்டிப் பார்த்தார். சீவினார். உள்ளே வெள்ளை. வெற்றிலைப் பையை எடுத்து ஆறுதலாக ஒரு வாய் போட்டு மென்று முடித்தார். அப்போதும் வெள்ளைதான்.

“இது அதின்ட பொம்பிளை இல்லை ஐயா. இது வேற மரம்.”

“வேற மரமெண்டால் பேர் என்ன?”

“பேர் இல்லை. விறகுக்கும் உதவாத மரத்துக்கு ஆர் பேர் வைக்கிறது?”

“ஆண்மரமும் பெண்மரமும் பட்டையில வித்தியாசப்படும். உனக்கென்ன தெரியும்?”

“என்ர மனிசிக்கும் எனக்கும் தோல் வேற நிறம்தான் ஐயா. வெட்டினால் ரத்தம் ஒரு நிறமெல்லோ?” என்றார். பிறகு பக்கத்தில் வந்து தணிந்த குரலில் சொன்னார். “ஆத்தங்கரையில ஒரு பெண்மரம் நிக்குது. நான் முந்திக் கண்டனான். தை மாசம்தான் பழுக்கும். பொறுங்கோ, நான் கூட்டிக்கொண்டு போறன்.”

தை மாதம்! அச்சு முடிந்து, பெயர் வேறு யாருக்கோ போய், நான் ‘உதவியாளன்’ என்ற சொல்லுக்குள்ளேயே கிடந்து சாக வேண்டும். என் கண்ணால் பார்த்தேன், பட்டை வெள்ளையாகத்தான் இருந்தது. விசயம் விளங்காமல் செய்த பிழை என்று எங்கேயும் சொல்ல மாட்டேன். விளங்கித்தான் செய்தேன்.

“சொன்னதைச் செய். ஏறிப் பறி” என்றேன்.

ஏறிப் பறித்தார். அந்தக் காயையும் வைகாசியில் எடுத்த பூவையும் ஒரே இனம் என்று துண்டு எழுதி அனுப்பினேன். அடுத்த வருடம் ‘யோகநாதனீ’ அச்சில் வந்தது. முகாமில் எல்லாருக்கும் கேக் வெட்டிக் கொடுத்தேன். முகம்மது ஒரு துண்டு வாங்கித் தின்றார். “சந்தோசம் ஐயா” என்றார். காயைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. படித்தவர்கள் பார்த்து அச்சடித்துவிட்டார்கள், அவர்களுக்குத் தெரியாதா என்று நினைத்திருப்பார்.

1961இல் டொக்டர் தில்லைநாதன் திடீரென்று முகாமுக்கு வந்து இறங்கினார். முகம் சரியில்லை. வெளிநாட்டிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார்: பூ புதிய இனம்தான், ஆனால் காய்க்குள் இருக்கிற விதையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் அது வேறொரு சாதாரண மரத்தினது. இரண்டு மரத்தைச் சேர்த்து ஒட்டி ஒரு மரம் என்று உலகத்துக்குச் சொல்லியிருக்கிறோம். “இந்த வயதில் எனக்கு இந்த அவமானம் தேவையா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

டொக்டருக்கும் எனக்கும் தாய்மொழி தமிழ். ஆனால் அந்த நாளில் படித்த இரண்டு பேர் வேலை விசயம் பேசினால் ஆங்கிலத்தில்தான் பேசுவோம். முகம்மது நாலடி தள்ளி நின்று பலகைகளுக்குக் கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார். ஒரு சொல்லும் அவருக்கு விளங்காது. அந்தத் தைரியத்தில் நான் சொன்னேன்: “காயைக் கொண்டு வந்தது அவன்தான். அதே மரத்தின் பெண் என்று சொன்னான். நம்பிவிட்டேன்.”

என் வாய் கூசவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்.

டொக்டர் திரும்பி, தமிழில் கேட்டார். “முகம்மது, யோகநாதன் மரத்துக்கு அனுப்பின காய் நீயோ பறிச்சது?”

முகம்மது எழுந்து, கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு, முகமெல்லாம் பல்லாக, “ஓம் ஐயா, நான்தான் ஏறிப் பறிச்சனான்” என்றார். பாராட்டப் போகிறார் என்று நினைத்திருக்கிறார் பாவம். டொக்டர் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

ஒரு சொல் போதுமாயிருந்தது. ‘இவர் சொன்னவர், நான்தான் கேட்கவில்லை’ என்று. ஜீப் தெருவில் ஏறும்வரை அந்தச் சொல் என் வாய்க்குள் கிடந்தது. நான் விழுங்கிவிட்டேன்.

காவலாளர் பட்டியல் இரண்டு மாதத்தில் வந்தது. அவர் பெயர் இல்லை. பகுதிக் கிளாக்கர் அவரிடம் பச்சையாகச் சொல்லிவிட்டார்: “பிழையான காய் பறிச்சனியாமெல்லே. மரம் தெரியாத ஆளுக்கு எப்பிடிக் காட்டைக் குடுக்கிறது?” அன்று பின்னேரம் அவர் என்னிடம் வந்தார். “ஐயா, நான் பிழை விட்டிட்டனோ?” என்று மட்டும் கேட்டார். நான் துண்டு எழுதுகிற பாவனையில் தலையைக் குனிந்துகொண்டு, “மேலிடத்து அலுவல். எனக்கொண்டும் தெரியாது” என்றேன். பிறகு தன் கோடரியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறப் போனார். திரும்பி வரவில்லை. நானும் அடுத்த வருடம் அந்த வேலையை விட்டுவிட்டு உருத்திரபுரத்தில் வாத்தியாராகப் போய்ச் சேர்ந்தேன்.

அத்தோடு மறந்திருப்பேன். என்னைப் போன்றவர்களுக்கு மறதி நன்றாக வரும். 1966இல் ஆசிரியர் பயிற்சி ஒன்றுக்குப் போன இடத்தில், காயவைத்த தாவரங்களை வைத்திருக்கும் கட்டடத்தைச் சுற்றிக் காட்டினார்கள். என் மரத்தைப் பார்க்க வேண்டுமென்று கேட்டேன். அலுமாரியைத் திறந்து தாளை எடுத்துக் கொடுத்தார்கள். பூ இருந்தது. காய் இருந்தது. இலைகள் ஒன்றும் மடியாமல் வடிவாக விரிந்திருந்தன. அது அவர் கை. மூலையில் ‘எடுத்தவர்: யோகநாதன்’ என்று என் எழுத்து. அதற்குப் பக்கத்தில் டொக்டரின் கையெழுத்தோடு ஒரு சின்னத் துண்டு ஒட்டியிருந்தது.

‘காய் வேறு மரத்தினது. கூலியாள் கச்சு முகம்மதுவின் கவனயீனத்தால் சேர்ந்தது.’

ஐந்து வருடம் எத்தனை நூறு கொப்பு பறித்தார்! ஒரு தாளிலும் அவர் பெயரை நான் எழுதவில்லை. அந்தக் கட்டடம் முழுவதிலும் அவர் பெயர் இருப்பது இந்த ஒரு துண்டில்தான். நகத்தால் கிளப்பிவிடலாமா என்று விரல் போனது. பழைய துண்டைக் கழற்றக்கூடாது என்று அவருக்குச் சட்டம் சொல்லிக் கொடுத்தவனே நான்தான். தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வந்து ஒரு மரத்தடியில் இருந்து அழுதேன். கூட வந்தவர்கள் வயிற்றுக்குத்து என்று நினைத்துச் சோடா வாங்கிக் கொடுத்தார்கள்.

அடுத்த கிழமை வவுனியாவுக்குப் போய், அவருடைய கிராமத்தைக் கேட்டு விசாரித்து நடந்தேன். வழியில் மரம் அரிகிறவர்கள் இரண்டு பேரிடம் வீடு கேட்டேன். “ஆர், காய் தெரியாத நானாவோ?” என்று ஒருவன் சிரித்தான். பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள்.

அவர் வாசலில் பலா மரத்தடியில் ஒரு வாளுக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தார். இடது கால் பாதம் திரும்பி இருந்தது; முதிரைக் குற்றி ஒன்று உருண்டதாம். இப்போது மற்றவர்களின் வாள்களுக்குப் பல் கூராக்கிக் கொடுப்பதுதான் தொழில். என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தார். நான் ஓடிப்போய் இருத்தினேன்.

“அல்லாஹ்! ஐயாவோ? கைருன்னிஸா, முகாம் ஐயா வந்திருக்கிறார், தேத்தண்ணி போடு!” என்று கத்தினார். குசினிக்குள் பாத்திரம் வைக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

நான் வாயைத் திறக்குமுன் அவர் நொண்டிக்கொண்டு உள்ளே போய் ஒரு கட்டைக் கொண்டு வந்து என் மடியில் வைத்தார். இரண்டு பலகை, கயிறு, நடுவே பழைய பேப்பர். அவிழ்த்தேன். கறுத்த சின்னப் பழங்களோடு ஒரு கொப்பு. ஓர் இலைகூட மடியவில்லை.

“தண்ணிக் கருங்காலியின்ட பெண்மரம் ஐயா. ஆத்தங்கரையில நிண்டது. குடியேற்றத்துக்கு வெட்டேக்க அந்தக் காட்டுத்துண்டு எங்கட ஆக்களுக்குத்தான் வந்தது. நான்தான் வெட்டினன். தை மாசம், பழம் நிறைய. வெட்ட முன்னம் ஏறிப் பறிச்சு வைச்சனான். சீவிப் பாத்தனான், மை மாதிரிக் கறுத்தது” என்றார். “இப்ப அந்தப் பக்கம் அந்த மரம் ஒண்டும் இல்லை, எல்லாம் வயல்.”

“ஏன் இதை வைச்சிருக்கிற...” என்று தொடங்கி எப்படி முடிப்பது என்று தெரியாமல் விட்டேன்.

“எனக்கு மரம் தெரியும் எண்டு உங்களுக்குக் காட்டத்தான்” என்றார். பிறகு அரத்தைக் கீழே வைத்தார். “ஐயா, ஒண்டு கேக்கோணும். கன நாளா மண்டைக்குள்ள கிடக்குது. அண்டைக்கு அது வேற மரம் எண்டு நான் உங்களுக்குச் சொன்னனானோ? இல்லாட்டி மனசுக்குள்ள நினைச்சுப்போட்டுச் சொல்லாமல் விட்டிட்டனோ? எல்லாரும் நான் பிழை எண்டு சொல்லச் சொல்ல, எனக்கே இப்ப சரியா ஞாபகமில்லை.”

ஐந்து வருடம் இந்த மனிதர் தன் ஞாபகத்தையே சந்தேகித்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

“சொன்னனீங்கள்” என்றேன். அவருக்கு ‘நீங்கள்’ சொன்னது அதுதான் முதல் தரம்.

“கொஞ்சம் பலமாச் சொல்லுங்கோ ஐயா. குசினிக்குள்ள அவளுக்குக் கேக்கட்டும்.”

கட்டை நான் இருந்த கதிரையில் வைத்துவிட்டு எழுந்து நின்றேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குற்றத்தை ஒப்புக்கொள்கிற மாதிரி நின்று, குசினிப் பக்கம் பார்த்துச் சொன்னேன். அவர் சொன்னவர், சீவியும் காட்டினவர், நான்தான் கேட்கவில்லை, பிறகு டொக்டரிடம் பழியையும் அவர் தலையில் போட்டேன், தாளிலும் அப்படித்தான் எழுதி ஒட்டியிருக்கிறது, எல்லாம் சொன்னேன். முகம்மது நானா நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பழியைப் போட்டது நான்தான் என்று அவருக்கு அதுவரை தெரியாது.

கைருன்னிஸா வெளியே வந்தா. கையில் தேத்தண்ணிக் கோப்பை இருந்தது. அதை என்னிடம் தராமல் வாசற்படியில் வைத்தா.

“வேலை போனதுக்கு நான் இவரைத்தான் ஏசினனான் சேர். கால் போன அண்டைக்கும் ஆஸ்பத்திரியில வைச்சு ஏசினனான். ஒழுங்கா ஒரு காய் பாத்துப் பறிக்கத் தெரியேல்லையோ எண்டு.”

குனிந்து கதிரையிலிருந்த கட்டை எடுத்து, பேப்பரைச் சரிசெய்து, பலகையை வைத்துக் கயிற்றை இறுக்கிக் கட்டினா. புருசனைப் பார்த்துத்தான் பழகியிருக்க வேண்டும்; நல்ல முடிச்சு. அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டா.

நான் நானாவைப் பார்த்தேன்.

“அவ தரமாட்டா ஐயா” என்றார். பிறகு, “நானும் கேக்கமாட்டன்” என்றார். அரத்தை எடுத்து வாளில் விட்ட இடத்துப் பல்லிலிருந்து தொடங்கினார்.

“போட்டு வாறன் நானா” என்றேன். “ஓம்” என்றார்.

வீட்டுக்குப் போய் நடந்தது முழுவதையும் எழுதி, என் கையெழுத்துப் போட்டு, அந்தக் கட்டடத்துக்கு அனுப்பினேன். தாளில் ஒட்டிவிட்டதாகப் பதில் வந்தது. பழைய துண்டும் அதற்குப் பக்கத்தில் அப்படியே இருக்கிறது. காயின் இடத்தில் இன்னும் அந்தப் பெயரில்லாத மரத்தின் காய்தான். என் பெயர் வைத்த மரத்துக்கு இன்றைக்கும் பழம் இல்லை.